முத்துசாமிக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

2019 அக்டோபர், விசாகப்பட்டினம் டெஸ்ட் மேட்ச். விராட் கோலி 20 ரன் எடுத்திருந்தப்போ, பந்து போட்டவர் கையிலேயே கேட்ச் கொடுத்துட்டு வெளியே நடந்தார். விக்கெட் எடுத்தவர், தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆட வந்திருந்த ஒரு டர்பன் பையன். பேரு செனுரன் முத்துசாமி! 'அட, நம்மாளுப்பா!'ன்னு கோலி அவுட்டான சோகத்தைக்கூட மறந்துட்டு சிரிச்சவங்க நிறைய. அதே ஆள் 2025 நவம்பர்ல குவாஹாட்டியில நமக்கு எதிரா செஞ்சுரியும் போட்டார். அவரோட ஸ்பெல்லிங், நம்ம தெருவுல இருக்கற முத்துசாமி தாத்தா ரேஷன் கார்டுல இருக்கற மாதிரியேதான். பார்த்ததும் பிடிச்சுட்டோம்.

இப்ப இன்னொருத்தர். 1975-ல விம்பிள்டன் ஜெயிச்சு, யு.எஸ். ஓப்பன் ஸ்டேடியத்துக்கே தன் பேரைக் கொடுத்த டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் தெரியும்ல? அவர் மனைவி ஜீன், பெரிய போட்டோகிராபர். சிகாகோவில் பிறந்த அமெரிக்கர். அவங்க பிறந்த வீட்டுப் பேரோட ஸ்பெல்லிங்கை ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்... எம், ஓ, யூ, டி, ஓ, யூ, டபுள் எஸ், ஏ, எம், ஒய். பேப்பர்ல எழுதிப் பாருங்க. 'மௌடௌ...'ன்னு நாக்கு சுளுக்கிக்குதா? பார்த்தா ஏதோ ஆப்பிரிக்கப் பேர் மாதிரியோ, பிரெஞ்சுப் பேர் மாதிரியோ இருக்கும். பிரெஞ்சு டீச்சரைக் கூப்பிட்டு சத்தமா படிக்கச் சொல்லுங்க.

முத்துசாமி! அவ்வளவுதான் மேட்டர். அவங்க அப்பா வழி வேர், கரீபியன் கடல்ல இருக்கற குவாதலூப் தீவு வழியா இந்தியாவுக்குப் போகுது.

ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ஒருத்தரைப் பார்த்ததும் 'நம்மாளு'ங்கறோம். இன்னொருத்தரை அடையாளமே தெரியாம தாண்டிப் போறோம். நடுவுல நின்னு விளையாடினது ஸ்பெல்லிங். ஒரு பேரோட ஸ்பெல்லிங்கை வெச்சு 'இவங்க இந்த ஊரு, இந்த பாஷை, இந்த ஆளுங்க'ன்னு நாம தீர்ப்பு சொல்றோம் பாருங்க, அந்தத் தீர்ப்பைத்தான் இந்த வாரம் மேல்முறையீட்டுக்கு எடுத்திருக்கோம்.

பேனா யார் கையில?

நியாயமா பேசுவோம். ஸ்பெல்லிங் சில சமயம் ஊரைச் சொல்லத்தான் செய்யுது. லதா மங்கேஷ்கர் பேர்ல 'எச்' கிடையாது. லதா ரஜினிகாந்த் பேர்ல உண்டு. வடக்கே 'த' சத்தத்துக்கு வெறும் டைகர் 'டி' போதும். நமக்குக் கூடவே ஒரு 'எச்' வேணும். காலேஜ் அட்மிஷன் லிஸ்ட்டைப் பார்த்தே 'இந்தப் பொண்ணு நார்த்து, அந்தப் பையன் சவுத்து'ன்னு பிரிக்கற எக்ஸ்பர்ட்டுங்க எல்லா டிபார்ட்மென்ட்டுலயும் இருக்காங்க.

ஆனா, இந்த ஃபார்முலாவுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. பேருக்குச் சொந்தக்காரரோ, அவங்க வீட்டு ஆளுங்களோ பேனாவைப் பிடிச்சிருக்கணும். பேனா வேற ஆள் கையில இருந்தா, அந்த ஸ்பெல்லிங் காட்டறது எழுதினவரோட ஊரை! சுமக்கறவரோட ஊரை இல்லை.

முத்துசாமியையே எடுத்துக்கோங்க. பிரெஞ்சுக்காரருக்கு 'உ' சத்தம்னா 'ஓ'வும் 'யூ'வும் சேர்ந்து வரணும். அதனாலதான் அந்தப் பேர்ல அது ரெண்டு தடவை வருது. அவங்க டைகர் 'டி'யே நம்ம 'த' மாதிரிதான் ஒலிக்கும், 'எச்' தேவையில்லை. சரி, டபுள் எஸ் எதுக்கு? பிரெஞ்சுல ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல ஒத்தை 'எஸ்' வந்தா, அது 'இசட்' சத்தமா மாறிடும். சாமி சாமியாவே இருக்கணும்னு ஒரு எஸ்ஸை எக்ஸ்ட்ராவா போட்டிருக்கார் அந்த முகம் தெரியாத கிளார்க். யோசிச்சா, அவர் தப்பா எழுதலை. ரொம்ப அக்கறையா, சரியா எழுதியிருக்கார். அவரோட பாஷையில!

இதே குவாதலூப் தீவுல 1863-ல ஒருத்தர் பிறந்தார். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆளுங்களை ஏத்தின முதல் கப்பல் 1854-ல அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவங்களோட பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை, பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாம் வேணும்னு 1904-லேர்ந்து போராடி, 1923-ல ஜெயிச்சவர் அவர். ஆன்ரி சிதம்பரோம்னு எழுதறாங்க. ஸ்பெல்லிங் 'எஸ்'ஸுல ஆரம்பிக்கும். கடைசியில 'ஓ, எம்'. வேற யாரும் இல்லீங்க, நம்ம சிதம்பரம்தான்!

மொரீஷியஸ்ல 2018, 2019-ல தற்காலிக ஜனாதிபதியா இருந்தவர் பார்லன் வ்யாபூரி. இதுல 'வ்யாபூரி' எந்த ஊர்ப் பேருன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. கொஞ்சம் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. வையாபுரி! பழனி பக்கம் போனா இந்தப் பேரு தெருவுக்குத் தெரு இருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'பிள்ளை' கதை. ஆங்கிலேயர் ஆண்ட ஊர்கள்ல அது 'பில்லை', 'பில்லே'ன்னு ஆச்சு. ஐ.நா-வின் மனித உரிமை ஆணையரா 2008-லேர்ந்து 2014 வரை இருந்த டர்பன் தமிழச்சி நவி பிள்ளையோட ஸ்பெல்லிங் 'ஏ, ஒய்'னு முடியும். ஆனா, பிரெஞ்சுக்காரங்க 'பி' பக்கத்துல 'ஓ, யூ' போட்டாங்க. புதுச்சேரி நாட்குறிப்பு புகழ் ஆனந்தரங்கப் பிள்ளையே பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள்ல 'ரங்கபுல்லே'தான். ரீயூனியன் தீவுல பெரிய அரசியல்வாதியான ழான் போல் விராபுல்லே, நம்ம கணக்குல வீரப்பிள்ளை. ஏன் 'பு'? வீட்டுல யாராவது 'பிள்ளை'ன்னு பேசுறோமா? 'புள்ள'தானே! ஆங்கிலத்துல நம்ம எழுத்துத் தமிழ் போச்சு. பிரெஞ்சுல நம்ம பேச்சுத் தமிழ் போச்சு. தமிழ்ல 200, 300 வருஷம் முன்னாடி எப்படிப் பேசினாங்கன்னு காதுல விழணும்னா, இந்தத் 'தப்பான' ஸ்பெல்லிங்கைத்தான் கேட்கணும்போல!

அப்பா பேரு... பரம்பரைப் பேரு!

ஸ்பெல்லிங்காவது பரவாயில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், 'சர்நேம்'ங்கற சமாச்சாரமே நம்ம ஊர்ல கிடையாதுங்கறது. நமக்கு உண்டானது இனிஷியல். ஆனா, கப்பல் லிஸ்ட்டுக்கு இனிஷியல் தெரியாது.

1860 நவம்பர் 16. மெட்ராஸ்லேர்ந்து கிளம்பின 'ட்ரூரோ'ங்கற கப்பல், 342 பேரோட டர்பன் துறைமுகத்துல போய் நின்னது. அதுலேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளா நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். லிஸ்ட்டுல பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்புல மச்சம், தழும்பு வரைக்கும் காலம் காலமா எழுதியிருக்கும். கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ, அப்படி!

அடுத்த தலைமுறை பள்ளிக்கூடம், பிறப்புப் பதிவுன்னு போனப்போ, 'சர்நேம் என்ன?'ன்னு கேள்வி வந்தது. சிலர் அப்பா பேரையே போட்டாங்க. முனிசாமி, 'மூன்சாமி' குடும்பமாவும், பெருமாள், 'பெருமல்' குடும்பமாவும் ஆனது இப்படித்தான். சிலர் பட்டப் பேரைப் போட்டாங்க. நாயுடு, முதலி, படையாச்சி, செட்டி எல்லாம் ஆங்கில ஸ்பெல்லிங் மாட்டிக்கிட்டு குடும்பப் பேரா உட்கார்ந்துடுச்சு. அதுல கப்பல் லிஸ்ட்டுல இல்லாத பட்டத்தை, புது ஊர்ல இறங்கின பிறகு தானா சூட்டிக்கிட்டவங்களும் உண்டு. பழைய ஊர்ல ஒதுக்கி வெச்ச மனுஷன், கடல் தாண்டினதும் புதுப் பேர்ல புது வாழ்க்கை ஆரம்பிச்சா, அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?

இங்கேதான் நாம வழுக்கி விழறோம். ஃபேஸ்புக்லயோ, ஆன்லைன் கேம்லயோ ஒரு டர்பன் பொண்ணு ஃப்ரெண்டாகுது. பேருக்குப் பின்னாடி 'நாயுடு'. உடனே நாம, 'ஓ... நீங்க தெலுங்கா?'ன்னு ஆரம்பிச்சு, அடுத்த நிமிஷம் மனசுக்குள்ள சாதிக் கணக்கே போட்டு முடிச்சுடறோம். ஆனா, தென்னாப்பிரிக்காவில் காந்திக்கு வலது கையா இருந்த, மொரீஷியஸ்ல பிறந்த தம்பி நாயுடுவைக் காந்தி தமிழர்னுதான் எழுதியிருக்கார். அங்கே நாயுடு குடும்பங்கள்ல தமிழ் வழி வந்தவங்களும் இருக்காங்க, தெலுங்கு வழி வந்தவங்களும் இருக்காங்க.

வேடிக்கையைப் பாருங்க. 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டோம். இங்கே பட்டத்தை வெட்டிட்டோம், சாதியை வெட்டலை. அங்கே பட்டம் அப்படியே இருக்கு. அதைச் சுமக்கற பலருக்கு அது வெறும் குடும்பப் பேர். அவங்க சாதாரணமா 'ஹாய், ஐ யம் சோ அண்ட் ஸோ நாயுடு'ங்கறாங்க. நாமதான் அதுல சாதிச் சான்றிதழ் படிக்கறோம்.

துறைமுகம்தான் சொந்த ஊரா?

ரீயூனியன் தீவுல தமிழ் வம்சாவளிக்காரங்களுக்கு என்ன பேர் தெரியுமா? 'மல்பார்'! கேட்டதும், 'ஓ... கேரளாவா?'ன்னு தோணுதுல்ல? கிடையாது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழையும் தமிழர்களையும்கூட 'மலபார்'னே எழுதினாங்க. இலங்கையிலயும் அதே கதைதான். தஞ்சாவூர்க்காரர் கொள்ளுப்பேரனுக்குக் கேரளா லேபிள் ஒட்டிடுச்சு.

தென்னாப்பிரிக்காவில் 'கல்கத்தியா'ன்னு ஒரு வார்த்தை உண்டு. அவங்கள்ல பெரும்பாலானவங்க பூர்விகம் பீகார், உத்தரப்பிரதேசம் பக்கம். கப்பல் ஏறினது கல்கத்தா. நம்ம ஆளுங்க மெட்ராஸ்ல கப்பல் ஏறினதால 'மெட்ராஸ்'காரங்க ஆனாங்க. சென்ட்ரல்ல ரயில் ஏறினவனெல்லாம் சென்னைக்காரனா பாஸ்? அப்படித்தான் இதுவும்.

கதவு வீட்டுக்காரர்

தலைகீழ் கேஸும் இருக்கு. பேர் சுத்தமான பிரெஞ்சு, ஆள் சுத்தமான தமிழர்!

புதுச்சேரியில பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல். 1873-ல ஐரோப்பிய ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்கு வந்தார்னு அவரை வாதாடவே விடலை. மனுஷன் சும்மா இருப்பாரா? பாரீஸ்ல இருக்கற உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சார். 1881 செப்டம்பர் 21-ல ஒரு ஆணை வந்தது. தங்களோட சாதி, மதச் சட்டங்களை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்க விரும்பற இந்தியர்கள், எழுதிக் கொடுத்து மாறிக்கலாம். ஆனா, குடும்பத்துக்குன்னு ஒரு சர்நேம் வெச்சுக்கணும். முதல் ஆளா கையெழுத்துப் போட்டவர் நம்ம பொன்னுத்தம்பி. அவர் வெச்சுக்கிட்ட பேரு 'லா போர்த்'. அப்படின்னா பிரெஞ்சுல 'கதவு'! மத்தவங்களுக்காகத் திறந்த கதவு. என்னா கெத்து!

அவர் வழியில போன பலர் பிரெஞ்சுப் பேர்களை வெச்சுக்கிட்டாங்க. அதுல நிறைய பேர் ஒடுக்கப்பட்ட சாதிகள்லேர்ந்தும், கிறிஸ்தவக் குடும்பங்கள்லேர்ந்தும் வந்தவங்க. இன்னிக்கு அந்தக் குடும்பத்துப் பசங்ககிட்ட, 'உங்க தாத்தா வெள்ளைக்காரரா?'ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அந்தப் பேர் ரத்தத்துல வரலை... ஒரு முடிவுல வந்தது.

தூத்துக்குடி, உவரி பக்கமும் இதேதான். 'கொற்கை' நாவலுக்காக 2013-ல சாகித்ய அகாடமி விருது வாங்கின ஜோ டி குரூஸ் பேரைப் பார்த்து, கோவாக்காரர்னு நினைக்கறவங்க உண்டு. அவர் உவரி கடற்கரைக்காரர். 1530-கள்ல முத்துக்குளித்துறை பரதவ மக்கள் கத்தோலிக்கத்துக்கு மாறினப்போ, ஞானஸ்நானத்தோட போர்ச்சுக்கீசியப் பேர்களும் வந்து சேர்ந்தது. இன்னொரு காமெடி, 'பெர்னாண்டோ'ங்கறது போர்ச்சுகல்ல பெரும்பாலும் சர்நேம் கிடையாது. நம்ம 'குமார்' மாதிரி ஆளுக்கு வைக்கற பேர். இங்கேயும் இலங்கையிலயும் அது குடும்பப் பேரா புரமோஷன் வாங்கியிருக்கு!

இப்ப நம்ம டர்ன்!

'இதெல்லாம் அந்தக் காலத்துக் கதைப்பா'ன்னு நினைச்சா, உங்க பாஸ்போர்ட்டை எடுங்க. ராமசாமி பையன் சுப்ரமணியம். அவருக்கு சர்நேம் ராமசாமி. அவர் பையன் கார்த்திக். அவனுக்கு சர்நேம் சுப்ரமணியம். கார்த்திக் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய், அங்கேயே குழந்தை பிறந்தா, அதுக்கு சர்நேம் கார்த்திக். ஒரே வீடு, மூணு தலைமுறை, மூணு 'குடும்பப் பேர்'. நூறு வருஷம் கழிச்சு ஒரு கொள்ளுப்பேத்தி தேடினா, மூணு பேரும் மூணு குடும்பம்னு நினைச்சுக்கும்!

சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டவங்க நிலைமை இன்னும் சூப்பர். அமெரிக்க விசாவுல இருக்கற ஒரே பேரை சர்நேமாக்கிட்டு, முதல் பேர் இடத்துல 'எஃப்.என்.யூ'ன்னு அடிச்சுடுவாங்க. 'முதல் பேர் தெரியவில்லை'ன்னு அர்த்தம். க்ளாஸ்ல 'மிஸ்டர் ஃப்னு'ன்னு அட்டெண்டன்ஸ் எடுக்கறதைக் கேட்ட சீனியர்ஸ் நிறைய பேர் இருக்காங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ளே விடமாட்டோம்னு சொல்லிடுச்சு. ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரோ, குடும்பப் பேரோ இருந்தா போதும்னு அப்புறம் விளக்கம் கொடுத்தாங்க.

ஸ்பெல்லிங்கைச் சரி பண்றதும் ஈஸி இல்லை. 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பேரோட ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை போட்டுச்சு. கோயம்புத்தூரோட நீளமான புது ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஊரே கலாய்க்க, சில நாள்லயே வாபஸ்!

வேர் தேடி ஒரு மெயில் வந்தா...

சிரிச்சது போதும், சீரியஸா ஒரு விஷயம். நாலாவது, அஞ்சாவது தலைமுறை ஆளுங்க இன்னிக்குத் தங்களோட கிராமத்தைத் தேடறாங்க. மொரீஷியஸ் வாழ் இந்திய வம்சாவளியினருக்கு 7-வது தலைமுறை வரை ஓ.சி.ஐ. கார்டு கொடுக்கப்படும்னு 2024 மார்ச்சுல இந்தியா அறிவிச்சது. அதுக்குப் பேப்பர் வேணும். பேப்பர்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங் இருந்தா என்ன பண்ண? அப்படி ஒரு ஃப்ரெண்டு உங்ககிட்ட உதவி கேட்டா, செய்ய வேண்டியது இதுதான்:

* பேரைக் கண்ணால படிக்காதீங்க, காதால படிங்க. அந்த நாட்டை ஆண்டது பிரிட்டனா, பிரான்ஸான்னு பார்த்து, அந்த உச்சரிப்புல சத்தமா சொல்லிப் பாருங்க.

* பேரை விட நம்பர் நல்ல சாட்சி. நேட்டால் போனவங்களுக்குக் காலனி நம்பர், மொரீஷியஸ் போனவங்களுக்குக் குடியேற்ற நம்பர் இருக்கும். பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்ல தேடச் சொல்லுங்க. மொரீஷியஸ் ஆவணங்கள், போட்டோக்களோட மோக்கா ஊர்ல இருக்கற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு.

* 'வட ஆற்காடு'ன்னு இருந்தா மேப்புல தேடி ஏமாறாதீங்க. அந்த மாவட்டம் 1989-ல பிரிஞ்சுடுச்சு. வேலூர், திருவண்ணாமலை பக்கம் தேடணும். 'டிரிச்சினோபோலி'ன்னா திருச்சி, 'டாஞ்சூர்'னா தஞ்சாவூர், 'சிங்கிள்புட்'னா செங்கல்பட்டு.

* அப்பா பேரையும், கிராமத்துப் பேரையும் சேர்த்து வெச்சுப் பொருத்துங்க. ஒரே கப்பல்ல நாலு முத்துசாமி இருந்திருப்பாங்க!

* சர்நேமை வெச்சு சாதியை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுத்துடாதீங்க. அவங்க தேடறது ஊரை.

கடைசியா, ஒரு சின்ன வேலை உங்களுக்கு. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டி, அவங்க அப்பா, அம்மா பேரையெல்லாம் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஊர்ப் பேரோட, தமிழ்ல. ஏன்னா, இப்பவாவது பேனா நம்ம கையில இருக்கு!